மோட்டார் வண்டியின் பெட்ரோல் இஞ்சின்: அதன் அமைப்பும் சாதாரணப் பழுதுகளும்

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி மார்க்கமாகத் திண்டிவனம் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது. இதன் சுற்றுப்புறக் கிராமங்களில் வாடகை மோட்டார் வைத்து ஜீவனம் செய்வோர் உண்டு. பிரசவ வேதனையுற்ற ஸ்திரீகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும், காய்கறி மூட்டைகளைச் சந்தைக்குச் சேர்க்கவும், பௌர்ணமிதோறும் கிரிவலத்திற்கு வரும் யாத்திரீகர்களை ஏற்றி இறக்கவும் இவ்வண்டிகளே பயன்படுகின்றன. இவற்றுள் பல, கடன்பட்டு வாங்கப்பட்டவை. வண்டி ஓடினால் தவணை கட்டலாம். வண்டி நின்றுவிட்டாலும் வட்டி நிற்பதில்லை. ஆகவே இஞ்சினின் ஆரோக்கியமும் குடும்பத்தின் நாணயமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை.

இஞ்சினுக்கு வரும் பெருஞ்செலவுகளில் பெரும்பாலானவை சிறு குறைகளாகவே தொடங்குகின்றன என்பதையும், அக்குறைகள் முன்னதாகவே அடையாளம் காட்டுகின்றன என்பதையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். அடையாளத்தைப் படிக்கத் தெரியாதவன், நூறு ரூபாய்க் கணக்கில் முடிய வேண்டிய வேலைக்குப் பதினாயிரக் கணக்கில் செலவழிக்கிறான். காரணம் விசாரியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பவனும் அவ்வாறே நஷ்டமடைகிறான்.

1. இஞ்சினின் தத்துவம்

அடுப்பில் எரியும் நெருப்பின் உஷ்ணம் பெரும்பாலும் வெளியில் வீணாகிறது. நெருப்பை ஒரு மூடிய குழாய்க்குள்ளேயே எரியச் செய்து, அப்போது விரியும் வாயுவின் பலத்தால் ஒரு தண்டைத் தள்ளச் செய்வதே மோட்டார் இஞ்சினின் தத்துவம். இதை நான்கு செய்கைகளாக ஒழுங்குபடுத்தி 1876 ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டியவர் ஜெர்மனி தேசத்து நிக்கோலஸ் ஆட்டோ. பெட்ரோலினால் ஓடும் தமது மோட்டார் வண்டிக்கு 1886 ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றவர் அதே தேசத்துக் கார்ல் பென்ஸ். அன்று முதல் இன்று வரை உறுப்புகள் எவ்வளவோ திருந்தியிருப்பினும் அடிப்படையான நான்கு செய்கைகள் மாறவில்லை. அவையாவன:

முதலாவது, உட்கொள்ளுதல். ஸிலிண்டர் என்னும் உருளைக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்வால்வு திறந்து, காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது.

இரண்டாவது, அமுக்குதல். இரு வால்வுகளும் மூடியிருக்க, பிஸ்டன் மேலேறிக் கலவையை முன்னிருந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கிற்குள் அடக்குகிறது.

மூன்றாவது, உந்துதல். தக்க சமயத்தில் பிளக்கின் நுனியில் மின்பொறி தோன்றிக் கலவை எரிந்து விரிந்து, பிஸ்டனைப் பலமாகக் கீழே தள்ளுகிறது. நான்கு செய்கைகளில் வேலை தருவது இது ஒன்றே.

நான்காவது, வெளியேற்றுதல். பிஸ்டன் மீண்டும் மேலேறும்போது வெளிவால்வு திறந்து, எரிந்த புகை புறப்பட்டுப் போகிறது.

பிஸ்டனின் மேல் கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். அது இரண்டு முறை சுழலும்போது இந்நான்கு செய்கைகளும் ஒரு தடவை முடிகின்றன. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுழலும். இவ்விரண்டையும் இணைப்பது டைமிங் பெல்ட் அல்லது சங்கிலி.

2. ஒரு உதாரணம்

நமது கிராமங்களில் நன்கு பழகிய வண்டியாகிய மாருதி ஆம்னியை எடுத்துக்கொள்வோம். இது 1984 ஆம் ஆண்டில் மாருதி வான் என்னும் பெயரில் வெளிவந்து, பின்னர் ஆம்னி எனப்பட்டு, 2019 வரை உற்பத்தி செய்யப்பட்டது. பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. மாருதி 800 காருக்கும் இதற்கும் இஞ்சின் ஒரே வகை. ஸிலிண்டர்கள் மூன்று. ஒவ்வொன்றின் விட்டம் 68.5 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர். கணக்கிட்டால் மூன்று ஸிலிண்டர்களுக்கும் சேர்த்து 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கிடைக்கும். எரியும் முறை 1, 3, 2 என்பது.

இஞ்சின் நிமிஷத்திற்கு 3000 சுற்று சுழலும்போது ஒவ்வொரு ஸிலிண்டரிலும் நிமிஷத்திற்கு 1500 தடவை, அதாவது விநாடிக்கு 25 தடவை, பொறி பாய்கிறது. மூன்றுக்கும் சேர்த்து விநாடிக்கு 75 பொறிகள். இவ்வளவு விரைவில் நடக்கும் வேலையில் சிறு தாமதமும் சிறு கசிவும் பெரிய விளைவைத் தரும் என்பது சொல்லாமலே விளங்கும்.

3. இஞ்சினுக்கு வேண்டிய ஐந்து

பயிருக்கு நீர், எரு, வெயில் வேண்டுவது போல இஞ்சினுக்கு ஐந்து வேண்டும்.

அ. சரியான கலவை. தூய பெட்ரோலாயின், எடையில் ஒரு பங்கிற்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். பழைய வண்டிகளில் இக்கலவையைச் செய்வது கார்புரேட்டர். புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் ஒன்று அளந்து, நுண்குழல் வழியே பெட்ரோலைத் தெளிக்கச் செய்கிறது.

ஆ. நல்ல அமுக்கம். பிஸ்டன் ரிங்குகளும் வால்வுகளும், ஸிலிண்டருக்கும் அதன் மூடியாகிய ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் காஸ்கெட்டும் கசிவின்றி இருத்தல் வேண்டும்.

இ. சமயத்தில் பொறி. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தைக் காயில் பதினாயிரம் வோல்ட்டுக்கும் மேலாகப் பெருக்கிப் பிளக்குக்கு அனுப்புகிறது.

ஈ. குளிர்ச்சி. எரியும் கலவையின் உஷ்ணம் 2000 டிகிரி சென்டிகிரேடைக் கடக்கும். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியமோ சுமார் 660 டிகிரியிலேயே உருகும். இரண்டிற்கும் இடையே நின்று காப்பாற்றுவது இஞ்சினைச் சுற்றியோடும் நீரும் ரேடியேட்டருமே.

உ. உராய்வைத் தடுக்கும் எண்ணெய். உலோகத்தோடு உலோகம் நேராக உரசாதபடி இடையே மெல்லிய படலமாக நிற்பது இதுவே.

முதல் மூன்றில் குறை நேர்ந்தால் வண்டி ஓடாது, அல்லது தடுமாறும். பிந்திய இரண்டில் குறை நேர்ந்தாலோ வண்டி சிறிது தூரம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். பின்னர் ஒரேயடியாகக் கெடும். ஆகையால் நின்றுபோன வண்டியைவிட, நீரும் எண்ணெயும் குறைந்தும் ஓடுகின்ற வண்டியே அதிக அபாயமானது என்று அறிக.

இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, சென்னை மாகாணத்துப் பஸ்கள் பல மரக்கரியிலிருந்து எடுக்கப்பட்ட வாயுவைக் கொண்டு ஓடின. மதுரை டி. வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனத்தார் அதற்கான கரிவாயுக் கலங்களைச் செய்தளித்தனர். எரியக்கூடிய கலவை, அமுக்கம், பொறி இம்மூன்றும் கூடினால் இஞ்சின் ஓடும் என்பதற்கு இது தக்க சான்று. ஆனால் இதைக் கேட்டு, வீட்டுச் சமையல் வாயு உருளையை வண்டியில் வைத்து ஓட்டத் துணிதல் கூடாது. அது சட்ட விரோதம். ஒரு சிறு கசிவும் உள்ளிருப்போர் அனைவரின் உயிருக்கும் ஆபத்தாகும்.

4. இஞ்சின் கிளம்பாமை

இதனை வரிசைப்படி சோதித்தல் வேண்டும். செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில்.

சாவியைத் திருப்பும்போது இஞ்சின் சுழலவே இல்லையாயின், அல்லது மந்தமாகச் சுழன்றால், பாட்டரியைப் பார்க்க. அதன் முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். முனைகளைக் கழற்றிச் சுரண்டி இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். புதுப் பாட்டரி வாங்குமுன் இதைச் செய்யாதவர் வீண் செலவு செய்தவராவர்.

நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையாயின், பொறியா பெட்ரோலா என்று பிரித்தறிக. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதுவே பதில் சொல்லும். நுனி பெட்ரோலால் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை அல்லது பெட்ரோல் மிகையாகிவிட்டது எனக் கொள்க. பலமுறை சுழற்றியும் நுனி காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. எரிந்து செங்கல் நிறமாகவோ சாம்பல் நிறமாகவோ இருப்பது ஆரோக்கியம். கரி படிந்திருப்பது பெட்ரோல் மிகை. எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது ரிங் தேய்வு.

கோடைகாலத்துப் பகலில் நன்றாக ஓடிய கார்புரேட்டர் வண்டி, சிறிது நேரம் நிறுத்தியபின் கிளம்ப மறுப்பதுண்டு. உஷ்ணத்தால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி நிற்பதும், திரவத்தைத் தள்ளும் பம்பு ஆவியைத் தள்ள மாட்டாமையுமே இதற்குக் காரணம். அம்பாஸடர் கார்களை ஓட்டிய டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியதன் ரகஸ்யம் இதுவே. இஞ்சின் ஆறும்வரை நிழலில் நிறுத்திவைப்பதே போதுமானது. பாகம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே பம்பு அமைந்த புதிய வண்டிகளில் இக்குறை அரிது.

2025 ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் 20 சதவிகிதம் வரை எதனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. எதனால் நீரை ஈர்க்கும் குணமுடையது. தொட்டியில் நீர் சேர்ந்தால் எதனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கி, இஞ்சின் கிளம்பாமல் தொல்லை தரும். ஆகவே வண்டியை நெடுநாள் நிறுத்தி வைத்தலையும், தொட்டி மூடி சரியாகப் பொருந்தாமல் மழைநீர் இறங்க விடுதலையும் தவிர்க்க. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களை இவ்வெரிபொருள் இளக்கக்கூடுமாதலால், கசிவு உண்டா என்று அடிக்கடி பார்த்தல் நலம். ஆம்னியில் இஞ்சின் முன் ஆசனத்தின் அடியிலேயே உள்ளது. பெட்ரோல் வாசனை வந்தால் உடனே நிறுத்தி ஆராய்க.

5. தடுமாறி ஓடுதலும் இழுவை குறைதலும்

மூன்றில் ஒரு ஸிலிண்டர் வேலை செய்யாவிடில் இஞ்சின் குலுங்கும்; இழுவை குறையும்; பெட்ரோல் வீணாகும். பழைய கார்புரேட்டர் வண்டியில் எந்த ஸிலிண்டர் என்று கண்டறிய, ரப்பர் உறையிட்ட குறடால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுக. நல்ல ஸிலிண்டரின் ஒயரை எடுத்தால் இஞ்சினின் ஓசை மாறும். எதை எடுத்தால் மாறவில்லையோ அதுவே கெட்டது. புதிய வண்டிகளில் இவ்வாறு செய்தால் மின்கருவிகள் பழுதடையும். அவற்றில் எரியும் எச்சரிக்கை விளக்கைக் கருவி வைத்துப் படிப்பவரிடம் காட்டுதலே முறை.

கெட்ட ஸிலிண்டருக்கு நல்ல ஸிலிண்டரின் பிளக்கை மாற்றிப் போட்டுப் பார்க்க. குறை பிளக்கோடு கூடவே சென்றால் பிளக் கெட்டது. அதை மாற்றினால் போதும். குறை அங்கேயே நின்றால் ஒயரையும், பின் அமுக்கத்தையும் சோதிக்க. அமுக்கம் குறைந்திருப்பின், பிளக் துவாரத்தின் வழியே ஒரு சிறு கரண்டி இஞ்சின் எண்ணெயை விட்டு மறுபடி அளக்க. அமுக்கம் உயர்ந்தால் ரிங் தேய்ந்துள்ளது; உயராவிட்டால் வால்வு அல்லது காஸ்கெட் கசிகிறது. இந்த ஒரு கரண்டி எண்ணெய், இஞ்சின் முழுவதையும் பிரிப்பதா, ஹெட்டை மட்டும் இறக்குவதா என்ற பெருஞ்செலவுக் கேள்விக்கு விடை தருகிறது.

மணிலாக்கொட்டை அடிக்கும் காலத்திலும், மண் சாலைகளிலும் தூசி மிகுதி. தூசி அடைத்த காற்று வடிகட்டி, இஞ்சினை மூக்கடைத்தவன் போலாக்கும். வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுவோரும் உளர். அது மிகவும் தவறு. உட்புகும் மண் துகள் எண்ணெயோடு சேர்ந்து ஸிலிண்டரை அரம் போல் அராவிவிடும்.

மேட்டில் ஏறும்போது உட்புறம் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை கேட்டால், கலவை முறையின்றி எரிகிறது என்று அறிக. பெரிய கியரிலேயே இழுக்க விடுதல், பொறி முந்திப் பாய்தல், ஸிலிண்டரில் கரி சேர்தல், அதிக உஷ்ணம் ஆகியவை காரணங்கள். முதலில் கியரைக் குறைத்துப் பார்க்க. ஓசை தொடர்ந்தால் சோதிக்கக் கொடுக்க. பிஸ்டன் ஓட்டையாகும்வரை பொறுத்தல் ஆகாது.

6. அதிக உஷ்ணம்

நமது பகுதியில் இஞ்சினைக் கொல்லும் நோய்களில் இதுவே தலைமையானது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். கார்த்திகைத் தீபத்தன்றும் பௌர்ணமியன்றும் திருவண்ணாமலைச் சாலைகளில் வண்டிகள் அடிமேல் அடிவைத்து ஊரும்போது எதிர்க்காற்று இல்லை. விசிறி ஒன்றே கதி. மற்ற நாட்களில் வெளிப்படாத விசிறிப் பழுது அன்று வெளிப்படும். ஆகவே திருவிழாவுக்கு முன்னரே, வண்டியை நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டு, உஷ்ணம் ஏறியதும் விசிறி தானாகச் சுழல்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

ரேடியேட்டரில் ஆழ்குழாய்க் கிணற்றுக் கடின நீரை ஊற்றுவது இன்னொரு பிழை. வெந்நீர்ப் பானையின் உட்புறம் வெள்ளையாகக் காறை படிவதை எல்லோரும் கண்டிருப்பர். அதே காறை ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைத்துவிடும். கூலண்ட் என விற்கப்படும் திரவத்தைச் சுத்த நீருடன் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் கலந்து நிரப்புவதே முறை. அது துருவையும் தடுக்கும்.

ரேடியேட்டர் மூடி, உள்ளே அழுத்தத்தை நிறுத்தி, நீர் சுமார் 120 டிகிரி வரை கொதியாதிருக்கச் செய்வது. உஷ்ணமான வேளையில் அம்மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, நீர் அக்கணமே ஆவியாகி முகத்தில் பீறிட்டடிக்கும். கண்ணை இழக்க நேரிடலாம். இஞ்சினை நிறுத்தி, அரைமணி நேரத்திற்குக் குறையாமல் ஆறவிட்டு, தொட்டால் சுடாத நிலையில் துணியிட்டுத் திறக்க வேண்டும். கொதிக்கும் இஞ்சினில் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றுதலும் ஆகாது, உலோகம் வெடிக்கும்.

உஷ்ணமானி சிவப்பைத் தொட்டபின்னும், “இன்னும் இரண்டு மைல்தானே, ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்” என்று ஓட்டுவதே பெருநஷ்டத்தின் மூலம். அலுமினிய ஹெட் வளைந்து, காஸ்கெட் எரிந்து, நீரும் எண்ணெயும் கலந்துவிடும். வெடித்த ரப்பர் ஹோஸ் ஒன்றை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும் காரியம், பல மாதத் தவணைப் பணத்தை விழுங்கிவிடும்.

7. எண்ணெய்

நாள்தோறும் காலையில், வண்டி சமதளத்தில் நிற்க, இஞ்சினைக் கிளப்புமுன் அளவுகோலை எடுத்துத் துடைத்து, மறுபடி நுழைத்துப் பார்க்க. எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையே இருத்தல் வேண்டும். குறைவு கேடு, மிகையும் கேடே. எண்ணெய் கறுத்திருப்பது இயல்பு. மோர் போல் வெளுத்திருப்பின் அதில் நீர் கலந்துவிட்டது, வண்டியை எடுக்கலாகாது.

ஓடும்போது எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தால், அக்கணமே ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைக்க. எண்ணெயின்றி ஓடும் ஒரு நிமிஷமே கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகளைத் தேய்த்துவிடப் போதும்.

8. புகையின் நிறம்

வைத்தியர் நாடி பார்ப்பது போல வண்டிக்காரர் புகையைப் பார்க்கலாம். கருப்புப் புகை பெட்ரோல் மிகை: வடிகட்டியையும் கார்புரேட்டரையும் பார்க்க. நீலப் புகை எண்ணெய் எரிதல்: ரிங் அல்லது வால்வு சீல் தேய்வு. இஞ்சின் சூடான பின்னும் ஓயாத வெண்புகை, ஸிலிண்டருக்குள் நீர் புகுதல்: காஸ்கெட் பழுது. பனிக்காலத்துக் காலையில் சிறிது நேரம் தோன்றி மறையும் வெண்ணாவியைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

நிறமும் வாசனையும் இல்லாத நச்சுவாயு ஒன்றும் இப்புகையில் உண்டு. கார்பன் மோனாக்ஸைடு எனப்படும் அது உயிரைப் போக்கும். கதவடைத்த கொட்டகையில் இஞ்சினை ஓடவிடலாகாது.

9. பழைய வண்டி வாங்குவோர்க்கும் வைத்திருப்போர்க்கும்

பழைய வண்டி வாங்க உத்தேசிப்பவர், இஞ்சின் நன்றாக ஆறியிருக்கும் நேரத்தில் போய்ப் பார்த்தல் வேண்டும். விற்பவர் முன்னமே சூடாக்கி வைத்திருந்தால் அதற்குக் காரணம் உண்டென்று கொள்க. ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம், எண்ணெய் மூடியின் உட்புறம் வெண்ணெய் போன்ற நுரை, கிளப்பியதும் நீலப் புகை ஆகிய மூன்றில் ஒன்றிருப்பினும் விலை பேசுமுன் நம்பிக்கையான மெக்கானிக்கின் அபிப்பிராயம் பெறுக. கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டபின் கண்டுபிடிக்கும் பழுது, வாங்கியவரின் பழுதாகிவிடும். ஜாமீன் நின்றவரையும் அது தொடும்.

வைத்திருப்போர் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போடுக. ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய பெட்ரோல், எண்ணெய் மாற்றிய தேதி, டைமிங் பெல்ட் மாற்றிய தேதி, சேர்த்த நீர் ஆகியவற்றை எழுதி வருக. பெட்ரோல் செலவு மெல்ல ஏறுவதும், நீர் அடிக்கடி குறைவதும் அப்புத்தகத்தில்தான் முதலில் தெரியவரும். டைமிங் பெல்ட்டை அது அறுமுன், தயாரிப்பாளர் குறித்த தூரத்தில் மாற்றுக. அறுந்தால் வண்டி நடுவழியில் நிற்கும். சிலவகை இஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி உடையவும் செய்யும். ஒவ்வொரு நாள் வருமானத்திலும் ஒரு சிறு பகுதியைப் பழுது நிதியாகச் சங்கத்திலோ பாங்கிலோ சேமித்து வந்தால், வேலை வரும்போது மீட்டர் வட்டிக்கு ஓட வேண்டியிராது.

காலையில் எண்ணெய், நீர், பெல்ட், கசிவு இந்நான்கையும் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். மாட்டை வண்டியில் பூட்டுமுன் அதன் கழுத்தையும் குளம்பையும் தடவிப் பார்த்த நம் முன்னோரின் வழக்கமே இது. அதை இஞ்சினுக்கும் கைக்கொள்வோர் தவணை தவறார். வழியில் நிற்கவும் நேரிடாது.